ஜன்னல்காரர் வீட்டு மருமகள்

"அந்தக் குழாயை மூடு மால்கம். இன்னிக்கு நீ போகல."

பின்கதவில் நின்று டெனீஸ் இப்படிச் சொன்னபோது மால்கம் வண்டியில் இருக்கும் தொட்டிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். மார்ச் மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை. காலை ஏழே கால்.

ஊரடங்கு அறிவித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரமும் மால்கமும் தம்பி பேரியும் வேலைக்குப் போவதா வேண்டாமா என்று போனில் பேசிப் பேசியே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலை என்றால் போகலாம் என்று டிவியில் சொன்னார்கள். தேவையில்லாமல் வெளியே வராதீர்கள் என்றும் அதே டிவியில் சொன்னார்கள். ஜன்னல் துடைப்பது தேவையா, தேவையில்லையா? யாரைக் கேட்பது? சொந்தத் தொழில்காரனுக்கு முதலாளியும் அவனே, தொழிலாளியும் அவனே. போ என்று சொல்லவும் ஆளில்லை, போகாதே என்று சொல்லவும் ஆளில்லை. அரசாங்கம் ஏதோ உதவி தரப்போகிறதாம், அதுவும் ஜூனில்தானாம். அதுவரைக்கும் வயிறு காத்திருக்குமா?

ஞாயிறு சாயங்காலம் பேரிதான் முடிவாகச் சொன்னான், "நாளைக்குக் கிளம்பறோம்." மால்கமும் சரி என்றுவிட்டார். இப்போது டெனீஸ் வந்து குறுக்கே நிற்கிறாள்!

"என்ன கண்ணு, நேத்து ராத்திரி சரின்னுதானே சொன்ன?" என்றார் மால்கம். அவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை.

"நேத்து சொன்னேன். இன்னிக்கு வேணாங்கிறேன்."

"நாங்க என்ன யார் வீட்டுக்குள்ளயாவது போறோமா? வெளியில நின்னு கம்பை நீட்டித் தேய்க்கிறோம், தண்ணி அடிக்கிறோம், வந்துடறோம். ஒருத்தரையும் தொடறது கிடையாது."

"பக்கத்துக் கேட்டு?"

"என்ன கேட்டு?"

"பின்பக்க ஜன்னலுக்கு எப்படிப் போவ? பறந்தா போவ? கேட்டுக் கொக்கியத் தொறந்துதானே போகணும். ஒரு நாளைக்கு எத்தனை கொக்கி? நாப்பதா? குப்பைத் தொட்டியை வெளிய தள்றப்ப அந்த வீட்டுக்காரங்களும் அதே கொக்கியத்தானே புடிக்கிறாங்க? இருமிட்டுப் புடிச்சிருந்தா...?"

மால்கம் குழாயை மூடினார். இருபத்தாறு வருஷமாக ஜன்னல் துடைக்கிறார். கொக்கியைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

அதற்குள் முன்வாசலில் பேரியின் குரல் கேட்டது. "என்ன மகாராணி, ராஜாவை இன்னும் வெளிய விடலியா? வெயில் வந்துடுச்சு, கண்ணாடியெல்லாம் திட்டுத் திட்டா காயப்போகுது!" என்று சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தான்.

டெனீஸ் வீட்டைச் சுற்றி முன்னால் ஓடினாள்.

"அங்கயே நில்லு பேரி! உள்ள வராத!"

"ஏன், எனக்குக் கொம்பு முளைச்சிருக்கா?"

"மால்கம் வேலைக்கு வரல. நீ போறதுன்னா வண்டியை எடுத்துட்டுப் போ. ஆனா நீ வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள கால் வைக்காத."

பேரியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனது.

"எங்க அப்பா வீட்டுக்குள்ள நான் வரக் கூடாதா? எங்கம்மா செத்த வீடு இது டெனீஸ்! அந்தா, ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்திருக்காரு பாரு என் அப்பா. அவரைப் பாக்க உன்கிட்ட நான் சீட்டு வாங்கணுமா?"

"எனக்குப் பயமா இருக்கு பேரி."

"பயமா? யாருக்கு என்ன ஆயிடும்னு பயம்?"

"எனக்கு! எனக்குத்தான்! என் உயிரு எனக்குப் பெருசு. போதுமா?" என்று கத்தினாள் டெனீஸ். "நீ போனா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன் மால்கம், சொல்லிட்டேன்!"

பின்னால் வந்து நின்ற மால்கம் மனைவியைப் பார்த்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டே, படுக்கையில் கிடந்த மாமியாரைக் கடைசிவரை பார்த்தவள். மாமியார் போனபின் மாமனாரைத் தனியே விடக் கூடாது என்று சொந்த வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தவள். அவளா இப்படி?

"உன் பெண்டாட்டி உசுரு உனக்கு. என் பெண்டாட்டி வயிறு எனக்கு," என்றான் பேரி அண்ணனிடம். "சாவியக் குடு."

மால்கம் சாவியைப் புல்லில் போட்டார். பேரி குனிந்து எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியை ஓட்டிப் போனான்.

டெனீஸ் உள்ளே வந்து, டோஸ்டும் டீயும் தட்டில் வைத்து முன்னறைக்குக் கொண்டுபோனாள். மாடிப்படி ஏற முடியாததால் மாமனார் வில்ஃப்ரெட்டுக்கு அங்கேதான் கட்டில். எழுபத்தொன்பது வயது. முப்பத்திரண்டு வருஷம் பார்ன்ஸ்லி பக்கத்துச் சுரங்கத்தில் கரி வெட்டியவர். அந்தக் கரியெல்லாம் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. இரண்டு வாக்கியம் பேசினால் மூன்றாவதுக்கு மூச்சு வராது.

எல்லாம் கேட்டிருந்தது அவருக்கு.

"தாங்கிப்பியாம்மா?" என்றார் மெதுவாக.

"தாங்கிப்பேன்பா. டீ ஆறுது, குடிங்க."

சனிக்கிழமை வந்த கடிதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். வில்ஃப்ரெட் பேருக்கு அரசாங்கத்திலிருந்து வந்தது. உங்கள் நுரையீரல் நிலைமைக்கு இந்த நோய் வந்தால் உயிருக்கே ஆபத்து, பன்னிரண்டு வாரம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, வீட்டில் இருப்பவர்களும் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. மால்கம் கடைக்குப் போயிருந்த நேரம். கிழவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மருமகளிடம் நீட்டினார்.

"இதை எரிச்சிடு."

"என்னப்பா சொல்றீங்க? பசங்ககிட்ட சொல்ல வேணாமா?"

"சொல்லக் கூடாது! சுரங்கத்தை மூடினப்ப மூணு வருஷம் இதே ஜன்னல்கிட்ட சும்மா உக்காந்திருந்தேன் டெனீஸ். வேலை இல்லாத ஆம்பள எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும். என்னால என் பசங்க ரவுண்டு, அவங்க பொழப்பு போச்சுன்னு ஆகக் கூடாது. சொன்னியோ... ஊர்க் கவுன்சில் ஆபீசுக்குப் போன் பண்ணி நானே முதியோர் இல்லத்துக்குப் போயிடறேன்."

முதியோர் இல்லம்! டெனீஸின் சிநேகிதி ஒருத்தி அப்படி ஓர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அந்த வாரம் மட்டும் அங்கே நாலு பேர் போய்விட்டார்கள் என்று போனில் அழுதிருந்தாள். அங்கேயா இவரை அனுப்புவது? பிடிவாதக்காரர், சொன்னால் செய்துவிடுவார். வேறு வழியில்லாமல் டெனீஸ் சத்தியம் செய்து கொடுத்தாள். ஆனால் ஞாயிறு ராத்திரி சரி என்று சொல்லிவிட்டுத் தூங்காமல் கிடந்தவள், விடிவதற்குள் புருஷனை வேலைக்கு அனுப்புவதில்லை என்று மனதுக்குள் இன்னொரு சத்தியமும் செய்துகொண்டாள். காரணம் கேட்டால்? தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கோழை, சுயநலக்காரி... சொல்லிக்கொள்ளட்டும்.

திங்கட்கிழமை சத்தத்தைக் கேட்டதுமே வில்ஃப்ரெட்டுக்கு அவள் கணக்கு புரிந்துவிட்டது. வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வீம்பு!

மறுநாளே பேரியின் மனைவி பாலின் போன் செய்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு டெனீஸ். பெத்த புள்ளய வாசல்ல நிறுத்திட்டு மாமனாரை உள்ள பூட்டி வச்சிருக்கியாமே. எத்தனை வருஷமா அந்த வீட்டுமேல கண்ணு?"

"கவுன்சில்காரன் வாடகைக்குக் குடுத்த வீட்டுமேல கண்ணு வச்சு நான் என்ன பண்ணப்போறேன் பாலின்? அடகா வைக்க முடியும்?"

"வாய் மட்டும் குறைச்சலில்ல!"

டெனீஸ் போனை வைத்துவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்காது.

வாரங்கள் போயின. தெருவில் யாரும் முன்போல் பேசவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்காக எல்லோரும் வாசலில் நின்று கைதட்டுகிற நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரி இவர்களைப் பார்த்ததும் தள்ளிப்போய் நின்றுகொண்டாள். கடை வரிசையில் ஒரு ஆள் டெனீஸைக் கண்டதும் வரிசையை விட்டே போய்விட்டான். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. பாலின் ஏதாவது கதை கட்டிவிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் கடைசியில்தான் அந்தப் போன் வந்தது. மிசஸ் ஆக்ராய்ட். மால்கம் பதினெட்டு வருஷமாக ஜன்னல் துடைக்கிற வீடு. ஒவ்வொரு தடவையும் படிக்கட்டில் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் வைத்திருப்பாள்.

"உடம்பு எப்படி இருக்கு மால்கம்? மூச்சு விட முடியுதா? உன் தம்பிதான் உன் தெருவையெல்லாம் பாத்துக்கறான். நீ ஒண்ணும் கவலைப்படாத, படுத்துக்கோ."

மால்கம் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் தொழிலில் ரவுண்டு என்பதுதான் சொத்து. இத்தனை தெரு, இத்தனை வீடு, மாதம் ஒருதரம் போய்த் துடைக்கிற உரிமை. எழுத்து கிடையாது, பத்திரம் கிடையாது. விட்டால் இன்னொருத்தன் நுழைந்துவிடுவான். அண்ணன் தம்பியே ஆனாலும் இவன் தெரு வேறு, அவன் தெரு வேறு. ஒருவன் தெருவில் இன்னொருவன் கை வைக்க மாட்டான்.

"திருடிட்டான்," என்றார் மால்கம். "எனக்கு நோய் வந்துடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி என் தெருவைத் திருடிட்டான். இனிமே நான் போனாலும் எவன் கேட்டைத் திறப்பான்? தெருவே நம்மள ஏன் ஒதுக்குதுன்னு இப்ப தெரியுதா?"

"மால்கம்..."

"உன்னாலதான் டெனீஸ். உன் பயத்தாலதான். கூடப் பொறந்தவனும் போனான், தொழிலும் போச்சு. திருப்திதானே?"

சொல்லிவிடலாமா என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. முன்னறையில் இருமல் சத்தம் கேட்டது. விழுங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மால்கம் அவளிடம் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. உப்பை எடு, கதவைச் சாத்து... அந்த அளவோடு சரி. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், மூன்று வாரம்!

மே மாதம் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, பேரி வந்தான்.

கேட்டைத் திறந்து நேரே புல்லில் நடந்து முன்னறை ஜன்னல் எதிரே போய் நின்றான். உள்ளே வில்ஃப்ரெட் நாற்காலியில் இருந்தார். ஏழு வாரத்தில் பாதி ஆளாகியிருந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்த பேரிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"அப்பா! ஜன்னலைத் தொறங்க! அவ சோறு போடறாளா இல்லியா? இப்படி இளைச்சுப் போயிட்டீங்களே!"

கிழவர் எழுந்து ஜன்னலைத் தள்ளித் திறந்தார். பேரி சட்டத்தில் கை வைத்து முகத்தை உள்ளே நீட்டினான். டெனீஸ் சமையலறையிலிருந்து ஓடி வந்து மாமனாரைப் பின்னால் இழுத்தாள்.

"தள்ளிப் போ பேரி! கெஞ்சிக் கேட்கறேன், தள்ளிப் போ!"

"ஜெயில் வச்சு நடத்துறியாடி நீ? சாகற காலத்துல ஒரு மனுஷனைப் புள்ள முகத்தைப் பாக்க விடாம... உனக்கெல்லாம் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

"போதும்டா!"

அது வில்ஃப்ரெட். அந்த நெஞ்சுக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. உடனே இருமல் பிடித்துக்கொண்டது. டெனீஸ் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சத்தம் கேட்டு மால்கம் அறைவாசலில் வந்து நின்றார். மூச்சு திரும்பியதும் கிழவர் துண்டு துண்டாகப் பேசினார்.

"அவளுக்குப் பயம் கிடையாதுடா... எனக்கு லெட்டர் வந்துச்சு. நோய் வந்தா நான் பொழைக்க மாட்டேன்னு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். சொன்னா முதியோர் இல்லத்துக்குப் போயிடுவேன்னு மிரட்டினேன். அவ என்ன பண்ணுவா? பழியை எடுத்துத் தன் தலையில போட்டுக்கிட்டா. ஏழு வாரமா... நீங்க ரெண்டு பேரும் அவளைக் கொத்திக் கொதறினதை இங்கேயே உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். வாயைத் தொறக்கல. நான் ஒரு கோழை. அவ இல்ல."

பேரி ஜன்னல் சட்டத்திலிருந்து கையை எடுத்தான். தானாகவே பின்னால் நடந்தான், ஒரு அடி, இரண்டு அடி, புல்தரை முடிகிறவரை. அங்கே உட்கார்ந்துவிட்டான்.

"டெனீஸ்..." என்றார் மால்கம்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகப் பேரியைப் பார்த்தாள். "நீ ஏன்டா மால்கம் தெருவை எடுத்த? என்மேல கோபம்னா என்கிட்ட காட்டு. உங்கண்ணன் தெருவை எதுக்குடா எடுத்த?"

"எடுத்தேனா?" பேரி தலையைத் தூக்கினான். கண் சிவந்திருந்தது. "புது வண்டி வச்சுக்கிட்டு எவனோ ஒருத்தன் மால்கம் தெருவுல வீடு வீடா நோட்டீஸ் போட்டுக்கிட்டிருந்தான். ஒரு மாசம் விட்டிருந்தா மொத்தமும் போயிருக்கும். நம்ம தொழில்ல வழக்கம் தெரியாதா உனக்கு? படுத்துக் கிடக்கறவன் தெருவுல எவனும் கை வைக்க மாட்டான். கூட இருக்கறவன் செஞ்சு குடுத்து, அவன் எழுந்ததும் திருப்பிக் குடுக்கணும். சும்மா வீட்ல உக்காந்திருக்கறவனுக்கு அது கிடையாது. பெண்டாட்டிக்குப் பயந்து உக்காந்திருக்கான்னு நான் சொன்னா எவன் விடுவான்? அதான் நோய்ன்னு சொன்னேன். மூச்சு விட முடியலன்னு சொன்னேன். அந்த நோட்டீஸ்காரன்கூட அடுத்த நாளே எல்லாத்தையும் பொறுக்கிட்டுப் போயிட்டான். ஒரு வீடு போகல மால்கம். எல்லாம் அப்படியே இருக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"உன்மேல அவ்வளவு கோபம். எப்படிச் சொல்ல?"

மால்கம் சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அப்புறம் டெனீஸ் காலடியில் வந்து தரையில் உட்கார்ந்து, அவள் ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "மூணு வாரம் பேசாம இருந்துட்டேனே... ஏதாவது கேட்டிருக்கலாமே நான்... கேக்கவே இல்லியே!"

டெனீஸ் அவர் தலையில் கை வைத்தாள். "முப்பது வருஷத்துல மூணு வாரம் வாய் மூடியிருந்த. காதுக்கு நிம்மதியா இருந்துச்சு, போ," என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவளுக்கும் உடைந்துவிட்டது.

பேரி எழுந்து புல்தரை ஓரத்திலேயே நின்றான். உள்ளே வரவில்லை. அன்றிலிருந்து தினமும் வருவான், அதே தூரத்தில் நிற்பான், அப்பாவிடம் கத்திக் கத்திக் கதை சொல்லிவிட்டுப் போவான். மால்கமின் தெருக்களையும் அவனே பார்த்துக்கொண்டான். டெனீஸைப் பார்த்து மட்டும் நேராகப் பேச வரவில்லை அவனுக்கு. பாலின் ஒரு கேக் சுட்டு வாசலில் வைத்துவிட்டு, மணியடித்துவிட்டு ஓடிப்போனாள். நடு முழுக்க வேகாத கேக். டெனீஸ் ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டாள்.

அத்தனை காவல் காத்தும் என்ன... ஜூன் இரண்டாம் வாரம் வில்ஃப்ரெட்டுக்கு மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்துவிட்டு, இது அந்த நோய் இல்லை, அந்தக் கரிதான் என்றார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். இனி அதிக நேரமில்லை. ஒருத்தர் மட்டும் வரலாம்.

மூன்று பேரும் ஆஸ்பத்திரி வாசலில் தள்ளித் தள்ளி நின்றார்கள். முகக்கவசத்தோடு ஒரு நர்ஸ் வெளியே வந்தாள்.

"யார் வர்றீங்க? மாத்தி மாத்தி வர முடியாது. ஒருத்தர்தான்."

மால்கம் மூத்தவர். அவர் காலை எடுத்து வைக்கப் போனார், நின்றார். தம்பியைப் பார்த்தார். ஏழு வாரம் வெளியே நின்றவன் அவன். அவன் போகட்டும் என்று வாய் திறப்பதற்குள் பேரி பேசிவிட்டான்.

"டெனீஸ் போகட்டும்."

"நான் எதுக்குடா? பெத்த புள்ளைங்க நீங்க ரெண்டு பேரும் நிக்கறப்ப..."

"எங்களுக்கு அவர் அப்பா. உனக்குத்தான் அவரைத் தெரியும்," என்றான் பேரி. இப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். "போ. நீ இருந்தா அவருக்குப் பயமிருக்காது."

மால்கம் தலையசைத்தார். டெனீஸ் உள்ளே போனாள்.

ஏப்ரன், கையுறை, முகக்கவசம் எல்லாம் மாட்டிவிட்டார்கள். வில்ஃப்ரெட் கண்ணைத் திறந்து யாரென்று தேடினார். அவள் வலது கையுறையைக் கழற்றிவிட்டு அவர் கையைப் பிடித்தாள். நர்ஸ் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள்.

"பசங்க..." என்றார் அவர். "வேலைக்குப் போயிட்டாங்களா?"

கீழே, வண்டி நிறுத்தும் இடத்தில், இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"போயிட்டாங்கப்பா," என்றாள் டெனீஸ். "ரெண்டு பேரும் ஒண்ணா போயிருக்காங்க. வெயில் நல்லா அடிக்குது."

"நல்லது," என்றார் அவர்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே இருவருக்கும் தெரிந்துவிட்டது. மால்கம் பக்கத்தில் இருந்த சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏதாவது சொன்னாரா?" என்று பேரி கேட்டான்.

"வேலைக்குப் போயிட்டீங்களான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ரெண்டு பேரும் ஒண்ணா போயிருக்காங்கன்னு சொன்னேன். நல்லதுன்னாரு."

"கையைப் புடிச்சிருந்தியா?"

"கடைசி வரைக்கும்."

"எந்தக் கை?"

டெனீஸ் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். பேரி நடந்து வந்தான். தூரத்தையெல்லாம் மறந்துவிட்டான்.

"வேணாம்டா, நான் உள்ளேர்ந்து வர்றேன்..."

"இருக்கட்டும்," என்றான் அவன். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். ஐம்பது வயது ஆம்பளை, வண்டிகள் வந்துபோகிற இடத்தில் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். மால்கமும் வந்து சேர்ந்துகொண்டார்.

அந்தக் கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.